பழைய ஸ்போர்ட்ஸ் காரை இறக்குவதும் சஸ்பென்ஷனைத் தேற்றுவதும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஜி.பி., எம்.ஜி. மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பிரிட்டிஷ் இரட்டை இருக்கை வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. இறக்குவது என்றால் தரையிலிருந்து வண்டி நிற்கும் உயரத்தைக் குறைப்பது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஸ்பிட்ஃபயரின் சேசிஸே ஹெரால்டு சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான், அதனால் ஸ்பிட்ஃபயருக்குச் சொல்வதில் பெரும்பகுதி ஹெரால்டுக்கும் பொருந்தும். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நாமக்கல் பக்கம் ஓடும் வண்டிகளை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பெங்களூர் கண்காட்சிக்கு ட்ரக்கில் ஏறிப்போய் ட்ரக்கிலேயே திரும்பி வரும் வண்டிக்கு இதில் பாதி தேவைப்படாது.

எவ்வளவு இறக்கலாம்ங்க?

ஒரு அங்குலம். மிஞ்சிப்போனால் ஒன்றேகால். படத்தில் பார்க்கிற மாதிரி மட்கார்டுக்குள் டயர் பாதி மறைந்து நிற்க வேண்டும் என்றால் இரண்டரை அங்குலமாவது இறக்க வேண்டியிருக்கும். அந்த வண்டியை வைத்துக்கொண்டு பல்லடம் ரோட்டைத் தாண்டுவதே பெரும்பாடு.

சக்கரம் மேலே ஏற ஒவ்வொரு வண்டியிலும் குறிப்பிட்ட அளவு இடம்தான் இருக்கும். அதற்குமேல் போனால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும். மேலே மூன்று அங்குலம் இடம் இருக்கும் வண்டியை ஒரு அங்குலம் இறக்கினால் மிச்சம் இரண்டு. இரண்டு அங்குலம் இறக்கினால் மிச்சம் ஒன்றே ஒன்று. பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் வேலை செய்வதற்கு முன்பே ரப்பர் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அடி நேராகச் சேசிஸுக்குப் போகும். ஐம்பது வருடப் பழைய வெல்டிங்குக்கு அதெல்லாம் ஆகாது.

ரப்பர் பம்பர் எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. 1974 கடைசியில் அமெரிக்க பம்பர் உயர விதிக்காக அந்த வண்டியைக் கம்பெனியே ஒரு அங்குலம் போலத் தூக்கிவிட்டது. அதைப் பழைய குரோம் பம்பர் உயரத்துக்குக் கொண்டுவருவது வண்டியை அதன் பிறந்த நிலைக்குத் திருப்புவதுதான். ஓட்டமும் நிச்சயமாக நன்றாக இருக்கும்.

நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டாதா?

எந்த வேகத்தடை என்பதைப் பொறுத்தது. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி போட்ட மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிற மாதிரி 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். எம்.ஜி.பி.யின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.31 மீட்டர். மேட்டின் உச்சி வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே வரும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேல்தான் நிற்கும். கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் வயிறு இழக்கும் இடைவெளி 4 சென்டிமீட்டர்தான். ஒரு அங்குலம் இறக்கிய வண்டியும் சைலன்ஸர் தட்டாமல் தாண்டிவிடும்.

ஆனால் நமக்குத் தெரியாதா? மாரியம்மன் நோம்பி சாட்டியதும் ஒரு ராத்திரியில் முளைக்கிற வேகத்தடைக்கு எந்த விதியும் கிடையாது. ஒன்றரை அடி அகலத்தில் அரை அடி உயரம். அதில் முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் நிற்கும்போது மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு வந்துவிடும். இறக்காத வண்டியே அங்கே தட்டும். சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. தினமும் போகிற வழியில் அப்படி ஒன்று இருந்தால், வண்டியை எங்கே தட்டுகிறது என்று அடியில் படுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆயில் சேம்பராக இருக்காது, தொங்கிப்போன சைலன்ஸர் ரப்பராகத்தான் இருக்கும். அதை மாற்றினாலே முக்கால் அங்குலம் கிடைக்கும்.

புது ஸ்பிரிங் வாங்கியாச்சு. முதலில் அதைத்தானே போட வேண்டும்?

வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும். ஸ்பிரிங் கடைசி வேலை.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்று தளர்ந்து ஓடுவதற்குக் காரணம் ஸ்பிரிங் இல்லை, புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கையான ஆர்ம் சேசிஸில் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறை. ஆர்மை ஒரு கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மாவு உதிரும். அப்புறம் ஷாக், அதாவது ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டு விடுங்கள். ஏறி, ஒருமுறை தணிந்து நின்றால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் செத்துவிட்டது. அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும் டயரில் 2009 என்று இருப்பதை இந்த வண்டிகளில் சகஜமாகப் பார்க்கலாம். வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, கல்லாகத்தான் போகும்.

இந்த மூன்றையும் புதுப்பித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கே வேண்டாம் என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

ரப்பர் புஷ் மாட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கக் கூடாது. போல்ட்டைக் கையால் ஓட்டி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தின்மேல் வந்தபிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தானாக ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கும், ஆறே மாதத்தில் ரப்பர் கிழியும். வண்டியை இறக்கினாலும் இதே கதைதான்: புது உயரத்தில் எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி வைத்து இறுக்கித் தருகிற மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

இருக்கிற காயில் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் என்ன?

வெட்டுவதே பாவம் என்று சொல்ல மாட்டேன். எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் வில்லங்கம். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றி கம்பியின் பதம் போய்விடும், அந்த இடத்தில்தான் பிறகு உடையும். ஆறவைத்து ஆறவைத்து கட்டிங் வீலில் வெட்ட வேண்டும். ஸ்பிரிங் நுனி தட்டையாக அரைத்து முடிந்திருந்தால் வெட்டவே கூடாது, உட்காரும் இடத்தில் சாய்ந்துவிடும்.

வெட்டினால் வண்டி இறங்குவதோடு ஸ்பிரிங் கடினமாகவும் ஆகும். வேலை செய்யும் சுற்று எட்டு இருந்து ஒன்றை வெட்டினால் ஏழு. கடினம் எட்டுக்கு ஏழு என்ற விகிதத்தில், அதாவது 14 சதவீதம் கூடும். இறங்கிய வண்டிக்கு அந்தக் கூடுதல் கடினம் வேண்டியதுதான். ஆனால் பழைய ஷாக்கை அப்படியே விட்டால் ஸ்பிரிங் துள்ளுவதை அது பிடிக்காது.

எவ்வளவு வெட்டுவது என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். எம்.ஜி.பி.யில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது, சக்கரம் அந்த ஆர்மின் நுனியில். அதனால் ஸ்பிரிங்கில் அரை அங்குலம் குறைத்தால் வண்டி ஏறத்தாழ ஒரு அங்குலம் இறங்கும். ஒரு அங்குலம் இறக்க ஒரு அங்குலம் வெட்டியவர் வண்டி இரண்டு அங்குலம் இறங்கி நிற்கும்.

நம் ஊரில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. கோவையில் ஸ்பிரிங் சுற்றித் தருகிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, ஜவுளி மில் இயந்திரங்களுக்குச் சுற்றிச் சுற்றிக் கை பழகியவர்கள். கம்பி விட்டம், சுற்றின் வெளிவிட்டம், மொத்தச் சுற்று, சுமையில்லாத உயரம், நுனி எப்படி முடிகிறது, இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். கம்பி விட்டத்தை பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளக்க வேண்டும். கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், விட்டம் பத்து சதவீதம் கூடினால் கடினம் 46 சதவீதம் கூடும். பெயிண்ட் கனத்தோடு அளந்து கொடுத்துவிட்டு "லாரி மாதிரி ஓடுதுங்க" என்று பட்டறைக்காரரைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாக இறக்குங்கள். அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் போய்விடும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங். அதை எப்படி இறக்குவது?

இரண்டு வழி. ஒன்று, பட்டையின் வளைவைக் குறைப்பது. மற்றொன்று, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைப்பது.

வளைவு குறைப்பதில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவர்களுக்குப் பழக்கம் பத்து டன் வண்டி. மிட்ஜெட் பட்டையைக் கொண்டுபோய் நீட்டினால், "இது என்னங்க, ஜன்னல் கம்பியாட்டம் இருக்குது" என்றுதான் கேட்பார்கள். பொறுமையாகச் சொல்ல வேண்டியது இதுதான்: உலையில் வைக்காமல் குளிரவே, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து வளைவை எடுக்கணும், இரண்டு பக்கப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போகணும், கூடுதல் பட்டை எதுவும் சேர்க்கக் கூடாது. கடைசியைச் சொல்லாமல் விட்டால் உங்கள்மேல் உள்ள பிரியத்தில் ஒரு பட்டை சேர்த்தே கொடுத்துவிடுவார்கள்.

கட்டை வைப்பதில் திசை முக்கியம். எம்.ஜி.பி.யில் பட்டை அச்சுக்குக் கீழே ஓடுகிறது. அதனால் நடுவில் கட்டை வைத்தால் அச்சு மேலே போகும், வண்டி இறங்கும். பட்டை அச்சுக்கு மேலே ஓடுகிற வண்டியில் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு லேத்துக்குப் போங்கள். கட்டை இரும்பிலோ அலுமினியத்திலோ இருக்க வேண்டும், மரக்கட்டை வேண்டவே வேண்டாம். நடு போல்ட்டின் தலை உட்காரக் குழியும், மேல்பக்கம் அதே அளவு முளையும் வேண்டும். யு போல்ட்டை நீளமாகப் புதிதாக வாங்குங்கள், பழையதை மறுபடி மாட்டுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு அங்குலத்துக்குமேல் கட்டை வைத்தால் கியர் விட்டு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது அச்சு பட்டையை முறுக்க ஆரம்பிக்கும், பின்பக்கம் தடதடக்கும்.

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இதே முறைதானா?

இல்லை. இந்த இரண்டிலும் பின்னால் ஒரே ஒரு குறுக்குப் பட்டை, டிஃப்ரன்ஷியல் தலைமேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் டிஃப்ரன்ஷியல் பக்கத்து ஜாயின்ட்டை மையமாக வைத்து மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். இந்த வண்டிகளுக்கு இருக்கும் கெட்ட பெயர் அதனால் வந்ததுதான். ஸ்பிட்ஃபயரில் 1970இல் மார்க் 4 வந்தபோது, பட்டையில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து மற்றவற்றை நடுவில் ஊசலாட விட்டார்கள், அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

இறக்கினால் இந்தக் குணம் நல்லதாகவே மாறும், ஏனென்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஆடும் தண்டின் நீளம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். அதனால் ஒரு அங்குலம் இறக்கினால் சக்கரம் ஏறத்தாழ மூன்று டிகிரி சாயும். அதற்குமேல் போனால் டயரின் உள் ஓரம் மட்டும் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும். முக்கால் அங்குலக் கட்டையோடு நிறுத்திக்கொள்வது என் கட்சி. பட்டையைப் பிடிக்கும் ஸ்டட்டையும் அந்த அளவுக்கு நீளமாக மாற்ற வேண்டும்.

எம்.ஜி.பி.யின் லீவர் ஷாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டெலஸ்கோப் ஷாக் மாட்டலாமா?

லீவர் ஷாக் என்றால் எண்ணெய்ப் பெட்டியிலிருந்து நீளும் ஒரு கை மேலும் கீழும் ஆடும் பழைய ரகம், டெலஸ்கோப் குழாய் மாதிரி நீண்டு சுருங்கும் ரகம். முன்னால் தூக்கிப் போட முடியாது. அந்த ஷாக்கின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். டெலஸ்கோப் போட்டாலும் லீவர் ஆர்முக்காக அங்கேயே இருக்கும். பின்னால் மாற்றலாம், அதற்கான பிராக்கெட் எளிதுதான்.

எனக்கு என்னவோ நல்ல நிலையில் இருக்கும் லீவர் ஷாக்கே போதும் என்று தோன்றும். இணைப்பைக் கழற்றிவிட்டு கையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே மாதிரி இறுக்கமாக, எண்ணெய்க்குள் நகர்கிற மாதிரி வர வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் லொடலொட என்று போய்ப் பிறகு பிடித்தால் ஆயில் குறைவு. மேல் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள், ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் வால்வு அடைக்கும். பைக் ஃபோர்க் ஆயில் 20 டபிள்யூ ஊற்றலாம், இன்ஜின் ஆயில் கூடாது. தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிந்தால் ஊற்றிப் பயனில்லை, லேத்துக்குத்தான் போக வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ்ஷை இங்கேயே கடைந்து போடலாமா?

கோவையில் கணபதி பக்கம் எந்த லேத்தில் கேட்டாலும் கடைந்து கொடுப்பார்கள். வாங்கும் உருளையின் கடினம் என்ன என்று கேட்டு வாங்குங்கள், மில்லில் ரோலருக்குப் போடும் ரகம் இதற்குக் கல் மாதிரி. மாட்டும்போது சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் வண்டி கிறீச் கிறீச் என்று கத்தும்.

எம்.ஜி.பி. கீழ் ஆர்முக்கு மட்டும் வேறு யோசனை: எம்.ஜி.பி. ஜி.டி. வி8 வண்டியில் கம்பெனி போட்ட இரும்புக் கூடு வைத்த ரப்பர் புஷ் அப்படியே பொருந்தும். இறுக்கமும் உண்டு, சத்தமும் இல்லை. நம் சாலைக்கு அதுதான் பொருத்தம்.

ஆன்டி ரோல் பார் கனமாகப் போட்டால்?

வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி அது, கனமானால் சாய்வு குறையும். 16 மில்லிமீட்டர் கம்பியை 19 ஆக்கினால் கடினம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழும்போது அந்த அடியை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகும் வேலையையும் அதே கம்பிதான் செய்கிறது. அவினாசி ரோட்டில் சுகமாக இருக்கும், தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் தலை ஆடும்.

அலைன்மென்ட் கடையில் "உங்க வண்டி கம்ப்யூட்டரில் இல்லை" என்கிறார்கள்.

இருக்காது. எண்ணை நீங்களே எழுதிக்கொண்டு போக வேண்டும். எம்.ஜி.பி.க்கு டோ இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் தண்டு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) 7 டிகிரி. கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவை, மாற்ற அதில் வசதி கிடையாது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரில் கீழ் ஆர்ம் சேசிஸில் சேரும் இடத்தில் தகடு சேர்த்தும் எடுத்தும் கேம்பரைச் சரிசெய்யலாம். அந்தக் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, காட்டிக் கொடுங்கள்.

இறக்கிய வண்டியில் இன்னொன்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு கீழ் ஆர்முக்கு ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும்.

உயரத்தை எங்கே வைத்து எப்படி அளப்பது?

மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்தாலும் கணக்கு மாறும். இடம் மட்டமாக இருக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை காயப்போடும் களத்தில் நிறுத்தி அளப்பவர்கள் உண்டு. பார்க்க மட்டம்தான், ஆனால் மழைத்தண்ணீர் வடியச் சரிவு வைத்துத்தான் களம் போட்டிருப்பார்கள். கொத்தனாரின் டியூப் மட்டம் வாங்கி நாலு சக்கரத்தடியிலும் பார்த்துவிடுங்கள். ஓட்டுபவர் எடைக்கு சீட்டில் ஒரு மூட்டை வையுங்கள். பாதி டேங்க் பெட்ரோல் இருக்கட்டும். தனியாக ஓட்டுகிற வண்டி வலது பக்கம் கால் அங்குலம் தணிந்து நிற்பது சகஜம்.

அகலமான டயர்?

ஸ்பிரிங் மாற்றும் காசில் நல்ல புது டயர், கம்பெனி அளவில் அல்லது ஒரு படி அகலத்தில். கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்த கம்பி.

ஆர்.டி.ஓ. பிரச்சனை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 182ஏ பிரிவு சொல்கிறது. தேய்ந்த புஷ், ஷாக்கை மாற்றுவது பராமரிப்பு. சேசிஸில் வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் வேறு கதை. அந்த மாதிரி வேலை என்றால் எஃப்.சி. பார்க்கும் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டவும் முடியாது, ராலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரி வேலைகளுக்குத்தான். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற மாற்றம் மட்டும் செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகவும்தான். கழற்றிய பழைய ஸ்பிரிங்கில் ஆயில் தடவி, இடது வலது எழுதி, பரணில் போட்டுவையுங்கள்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதலில் வீட்டைச் சுற்றி, ரேடியோ இல்லாமல், கண்ணாடி இறக்கிவிட்டு. சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் ஆளில்லாத நேரத்தில் நல்ல சாலையில் கையை லேசாக வைத்து, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. பிரேக் நன்றாக இருந்தால் ஆழியாறிலிருந்து வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசினால் அங்கே தெரிந்துவிடும். வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மலைப்பாதை இடமில்லை. செட்டிபாளையத்தில் 2003இலிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் ட்ராக். பந்தயக் கார்களை இங்கேயே கட்டிய கரிவர்தன் பெயரில் அமைந்தது. நாள் கேட்டு, பணம் கட்டி, ஹெல்மெட்டோடு போங்கள்.

வேலை முடிந்தாச்சு. இனி என்ன பார்க்கணும்?

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், நிச்சயம் கால் சுற்றாவது போகும். ஐந்நூறில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், உயரத்தை மறுபடி அளந்து அலைன்மென்ட் பாருங்கள். எம்.ஜி.பி.யில் முன் சக்கரம் திரும்பும் தண்டான கிங் பின்னின் நிப்பிளுக்குக் கிரீஸ். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் முன் சக்கரத்தின் கீழே இருக்கும் ட்ரனியன் என்ற வெண்கல மூட்டுக்கு கிரீஸ் வைக்காதீர்கள், அங்கே ஈ.பி. 90 கியர் ஆயில்தான் போக வேண்டும். கிரீஸ் அந்த மரைக்குள் இறங்காது, தண்ணீர் புகுந்து துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். சர்வீஸுக்கு விடும்போது கிரீஸ் கன்னோடு வருகிற பையனைத் தடுக்க, நிப்பிள் பக்கத்தில் பெயிண்டால் 'ஆயில்' என்று எழுதி வைப்பது நல்லது.